கேட்காத சான்று

கல்லாவியிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் என்னைத் தேடி வந்தது 2023 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாங்காய்ப் பருவம். அவர் வாசலில் இறக்கி வைத்த கோணிப்பையில் பெங்களூரா மாங்காய், கூழ் ஆலைக்கு ஏற்றியது போக மிச்சம். ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆறு நாள் அங்கே ஒரு அறையில் நாலு பேரோடு, ஒரு நாள் ஊரில். வக்கீலைப் பார்ப்பது, பல் பிடுங்குவது, துக்கம் விசாரிப்பது எல்லாம் அந்த ஒரு நாளில்தான்.

"பாப்பாவ ஏமாத்திட்டாங்க சார்" என்றார்.

இந்த வாக்கியத்தோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டவர்கள், அல்லது மனை வாங்கியவர்கள். இவர் படிப்பு என்றார். எனக்குக் கொஞ்சம் சோர்வாகிவிட்டது. படிப்பு சம்பந்தப்பட்ட நுகர்வோர் வழக்கு வழுக்குப் பாறை. தேர்வு நடத்தும் வாரியம் சேவை வழங்குபவர் ஆகாது என்று 2009-இல் பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல்கலைக்கழகங்களுக்கும் அடுத்த ஆண்டு அதே மாதிரி ஒரு தீர்ப்பு. "எந்தக் காலேஜ்?" என்று கேட்டேன். காலேஜ் இல்லை, வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் என்றாள் பெண். நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன். 2020 ஜனவரியில் மனு சோலங்கி வழக்கில் தேசிய ஆணையம் கல்வி நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுத்தபோதே, பயிற்சி மையங்கள் அந்தக் குடையின் கீழ் வராது என்று தனியாகச் சொல்லி வைத்திருந்தது.

அந்தப் பெண் பத்தாவது வரை தமிழ் வழி, பிறகு அரசுக் கல்லூரியில் இயற்பியல், அதன் பின் எம்.எஸ்ஸி. அமெரிக்காவில் பிஎச்.டி. சேர வேண்டும் என்பது ஆசை. அங்கே இயற்பியல் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கையிலிருந்து கட்டணம் கட்ட வேண்டியதில்லை, பாடம் எடுக்கவோ ஆய்வில் உதவவோ வைத்துக்கொண்டு உதவித்தொகையும் கொடுக்கிறார்கள் என்று சீனியர் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். ஊரில் பேச்சு வேறு மாதிரி. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்துவிட்டது, பெண்களைத்தான் எடுக்கிறார்கள், மாதம் பிறந்தால் சம்பளம், இதற்கு மேல் என்ன படிப்பு என்று. அம்மா நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துப் பணம் கட்டியிருந்தார்கள். 2022 ஜூனில் ₹1,35,000. அதில் ₹45,000 ஒரு தேர்வுப் பயிற்சிக்கு மட்டும்.

ஒன்பது பக்க ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். அடியில் அப்பாவின் தமிழ்க் கையெழுத்து.

"இந்தப் பயிற்சி என்ன?"

"ஜி.ஆர்.இ. சப்ஜெக்ட் டெஸ்ட் சார். பிசிக்ஸ்."

ஜி.ஆர்.இ. என்பது எனக்குக் காதில் விழுந்த பெயர்தான். அதிலும் இரண்டு உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. பொதுத் தேர்வு ஒன்று, எல்லோருக்கும். அது தவிரப் பாடத் தேர்வு, படித்த பாடத்தில் மட்டும். இ.டி.எஸ். என்ற அமெரிக்க அமைப்பு இரண்டையும் நடத்துகிறது. இயற்பியல் தாள் அப்போது காகிதத்தில், சுமார் 100 கேள்வி, 170 நிமிடம். இயக்கவியல் 20 விழுக்காடு, மின்காந்தவியல் 18, குவாண்டம் 12 என்று எது எவ்வளவு வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். மதிப்பெண் 200-இலிருந்து 990 வரை. வருடத்தில் செப்டம்பர், அக்டோபர், ஏப்ரல் என மூன்று முறைதான். கட்டணம் 150 டாலர், அன்றைய கணக்கில் ₹12,000-க்கு மேல்.

"இது எழுதலன்னா சீட்டே கெடைக்காதுன்னு சொன்னாங்க சார். எட்டு யுனிவர்சிட்டிக்கும் கம்பல்சரின்னு." பட்டியலை எடுத்து நீட்டினாள். நிறுவனத்தின் முத்திரையோடு எட்டுப் பெயர். எதிரே ஒரு கட்டம், எட்டிலும் 'கட்டாயம்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்.

"எழுதினியா?"

"எழுதினேன். அக்டோபர்ல. 800-க்கு மேல வந்துச்சு."

"அப்புறம் எங்கம்மா ஏமாத்தினாங்க?"

அவள் கைப்பேசியைத் திறந்து எட்டுத் துறைகளின் இணையப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். எட்டில் ஒன்றில்கூட அந்தத் தேர்வு கட்டாயம் இல்லை. ஐந்து இடத்தில் 'விருப்பம் இருந்தால்'. ஒரு இடத்தில் 'பரிந்துரைக்கிறோம்'. மீதி இரண்டில், அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்று எழுதியிருந்தது.

அன்று மாலை வரை அந்தப் பக்கங்களையே படித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாக 'மே', 'ஷல்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே பிழைப்பு நடத்துகிறவன் நான். சட்டத்தில் 'செய்யலாம்' என்று இருந்தால் செய்யாமலும் இருக்கலாம் என்றுதான் பொருள். ஆனால் சந்தர்ப்பத்தைப் பொறுத்து அதுவே 'செய்தாக வேண்டும்' என்றும் ஆகலாம் என்று 1963-இலேயே உத்தரப் பிரதேசம் எதிர் ஜோகேந்திர சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதிய 'விருப்பம் இருந்தால்' எந்த வகை? உண்மையாகவே விருப்பமா, நம் வீட்டுக் கல்யாணத்தில் சொல்கிற 'மொய் கட்டாயமில்லை' மாதிரியா?

அந்தச் சொல் எப்படி வந்தது என்று தேடியபோது கதை சுவையாகவே இருந்தது. 2016-இல் அமெரிக்க வானியல் சங்கம், இந்த இயற்பியல் மதிப்பெண்ணைக் கேட்காமல் விடுங்கள், அல்லது விருப்பமாக்குங்கள் என்று துறைகளிடம் கேட்டுக்கொண்டது. பெண்களையும் சிறுபான்மையினரையும் அது வடிகட்டிவிடுகிறது, நல்ல ஆய்வாளர் யார் என்பதை அது காட்டுவதில்லை என்பது வாதம். 2019-இல் கேசி மில்லர் குழுவினர் மாணவர் விவரங்களை அலசி, பிஎச்.டி.யை முடிப்பார்களா என்று கணிக்க இந்த மதிப்பெண் பெரிதாக உதவவில்லை என்று எழுதினார்கள். அவர்கள் புள்ளியியல் சரியில்லை என்று எதிர்ப்பும் உடனே வந்தது. அந்தச் சண்டை முடிவதற்குள் 2020-இல் கொரோனா. தேர்வு மையங்கள் மூடிக் கிடந்தன. எழுதவே முடியாத தேர்வை எப்படிக் கேட்பது? துறை துறையாகக் கைவிட்டார்கள். கைவிட மனமில்லாதவர்கள் 'விருப்பம்' என்று எழுதி வைத்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சிதான். நம் மாநிலத்தில் ஆனந்தகிருஷ்ணன் குழு பரிந்துரைத்து, 2007-இல் பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு ஒழிந்தபோது வரவேற்றுக் கூட்டம் போட்டவர்களில் நானும் ஒருவன். பயிற்சி மையம் இருக்கிற ஊர்ப் பிள்ளைக்கும் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கும் ஒரே தாள் கொடுப்பது நியாயம் ஆகாது என்று மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். இன்றும் அதே கருத்துதான். அடுத்த ஞாயிறு அவளிடம் இதைச் சொன்னேன். "நல்ல காரியம்தானேம்மா, தேர்வு வேண்டாம்னு சொல்றது?"

அவள் சிரித்தாள். "சார், எனக்கு லெட்டர் எழுதிக் குடுத்தவங்க மூணு பேரும் நல்லவங்க. ஆனா அவங்க பேரு அங்க யாருக்கும் தெரியாது. என் காலேஜ் பேரும் தெரியாது. அந்தப் பேப்பர் ஒண்ணுதான் சார் நான் எங்கருந்து வர்றேன்னு கேக்காம மார்க் போடும்."

எனக்குப் பதில் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை ஒரே பட்டியலில் வைத்துப் பார்க்கும் நம் ஊர்க் கலந்தாய்வு வேறு, பரிந்துரைக் கடிதத்தை எழுதியவர் யார் என்று பார்க்கும் சேர்க்கைக் குழு வேறு. முதலாவதில் தேர்வை எடுத்தால் ஏழைக்கு லாபம். இரண்டாவதில் தேர்வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அறிமுகம் மட்டும். மேடையில் நான் பேசியதில் இந்தப் பாகம் இருக்கவில்லை.

"அப்ப, கம்பல்சரின்னு பொய் சொல்லலன்னாலும் நீ எழுதியிருப்பியா?"

"ஆறு எடத்துக்கு அனுப்பறதுக்காக எழுதியிருப்பேன் சார். பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்க மாட்டேன். இலவசமா நாலு எடத்துக்கு ஸ்கோர் அனுப்பலாம். அந்த நாலையும் அவங்களே நிரப்பிட்டாங்க. அதுல ரெண்டு, பாக்கவே மாட்டோம்னு சொல்ற எடம்."

வழக்கின் உயிர் அங்கே இருந்தது. மற்ற இடங்களுக்கு அனுப்ப ஒவ்வொன்றுக்கும் டாலரில் தனிக் கட்டணம். அவள் ஒன்றுக்கு மட்டும் கட்டினாள். மதிப்பெண்ணைப் பார்த்திருக்கக் கூடிய மூன்று துறைகளுக்கு அது போகவே இல்லை. எட்டு இடத்திலிருந்தும் மறுப்பு வந்துவிட்டது. அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் என்று எந்த வக்கீலும் சத்தியம் செய்ய முடியாது. நானும் மனுவில் அப்படி எழுதவில்லை.

முதலில் நோட்டீஸ் அனுப்பினேன். பத்தாம் நாள் அந்த நிறுவனத்திலிருந்து போன். மரியாதையான குரல். ₹20,000 திருப்பித் தருகிறோம், இனி உரிமை எதுவும் கோரமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு அது போதும். நகை வட்டியாவது கட்டலாம். மகள் ஒன்று கேட்டாள். "அந்தத் தேர்வு கட்டாயம் இல்ல, நாங்க தப்பாச் சொல்லிட்டோம்னு ஒரு லெட்டர் தரச் சொல்லுங்க சார்." கேட்டேன். பணத்தை வேண்டுமானால் இன்னும் ஐயாயிரம் சேர்த்துத் தருகிறோம், எழுத்தில் மட்டும் தர முடியாது என்றார்கள். அப்பா மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். வக்காலத்துத் தாளை எடுத்தேன்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பெங்களூர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம் என்று ஒரு ஷரத்து. நிறுவனத்தின் அலுவலகம் ஓசூரைத் தாண்டி, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம். எல்லையோரத்து ஜனங்களுக்கு இது பழைய தலைவலி. வேலை, ஆஸ்பத்திரி, படிப்பு எல்லாம் அந்தப் பக்கம், தகராறு வந்தால் கோர்ட்டும் அந்தப் பக்கம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. 34-ஆவது பிரிவின்படி புகார்தாரர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே போட்டேன்.

'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற சொல்லை மனுவில் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். அந்தச் சட்டத்தில் அதற்கு விளக்கம் இருக்கிறது, ஆனால் அந்தக் காரணத்தைச் சொன்னால் மனு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சென்னைக்கு வாய்தா வாய்தாவாக அலைய அந்த அப்பாவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான், அதுவும் கோர்ட் இல்லாத நாள். ஆகவே சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை, தவறான விளம்பரம், இந்த மூன்றோடு நிறுத்தினேன். அவள் கேட்ட கடிதத்துக்கும் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. தவறான விளம்பரத்தைத் திருத்தி விளம்பரம் வெளியிடச் சொல்லும் அதிகாரத்தை 39-ஆவது பிரிவு ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதையும் பரிகாரமாகக் கேட்டேன்.

சான்றாவணங்களை அடுக்கும்போதுதான் எனக்கும் அவளுக்கும் தகராறு. மதிப்பெண் அறிக்கையைத் தாக்கல் செய்வதா, வேண்டாமா?

வேண்டாம் என்பது என் கட்சி. என் சீனியர் சொல்லிக்கொடுத்த பாலபாடம் அது: எதிரி கேட்காத கடுதாசியை நீயாகக் கொண்டுபோய்க் கொடுக்காதே. 800-க்கு மேல் வாங்கியிருக்கிறாள் என்று தெரிந்தால், 'எங்கள் பயிற்சியால்தான்' என்பார்கள். நமக்கு அது தேவையில்லாத சான்று. மனுவுக்கு அது கட்டாயமும் இல்லை.

"குடுக்கலன்னா நான் கம்மியா வாங்கியிருக்கேன்னு நெனைச்சுக்குவாங்க சார்."

சட்டம் படிக்காதவள் சாட்சியச் சட்டத்தின் 114-ஆவது பிரிவு, 'ஜி' என்ற எடுத்துக்காட்டை அப்படியே சொன்னாள். ஒருவர் கையில் இருக்கும் சான்றை அவர் காட்டாமல் வைத்துக்கொண்டால், காட்டியிருந்தால் அது அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். (இப்போது புதிய சட்டத்தில் அது 119.) கவனியுங்கள், அங்கும் 'அனுமானிக்கலாம்'தான், 'அனுமானிக்க வேண்டும்' இல்லை. நான் வியந்துபோய் அவளுக்கு அந்தப் பிரிவைப் படித்துக் காட்டினேன். அவள் உடனே அதை அமெரிக்காவுக்குத் திருப்பினாள்.

"அப்ப அந்த அஞ்சு டிபார்ட்மெண்டும் இதத்தான சார் பண்ணுவாங்க? அனுப்பாட்டி தப்பா எடுத்துக்க மாட்டோம்னு போட்டிருக்காங்க. நம்பலாமா?"

யோசித்துத்தான் பதில் சொன்னேன். பெரிய நிறுவனத்தில் படித்து, உலகம் அறிந்த பேராசிரியரிடம் கடிதம் வாங்கியவன் மதிப்பெண் அனுப்பாவிட்டால் குழு ஒன்றும் நினைக்காது. அவனிடம் வேறு சான்று இருக்கிறது. வேறு சான்று இல்லாதவர் பேசாமல் இருந்தால், தப்பாக நினைக்கிறார்களோ இல்லையோ, நினைக்க அங்கே எதுவுமே இருக்காது. ஆகவே 'விருப்பம்' என்று போட்ட இடத்துக்கு நல்ல மதிப்பெண் இருந்தால் அனுப்பு. சுமாராக இருந்தால், வாக்கை நம்பிப் பேசாமல் இரு. 'பார்க்க மாட்டோம்' என்ற இடத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதே. ₹45,000 வாங்கியவர்கள் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இந்த மூன்று வாக்கியம்தான். எனக்குக் கிடைத்த கூலி பெங்களூரா மாங்காய்.

அறிக்கையைத் தாக்கல் செய்தோம். சான்றாவணம் 9.

எதிர்தரப்புப் பதிலுரை 44-ஆம் நாள் வந்தது. 30 நாள், அதற்கு மேல் போனால் இன்னும் 15 நாள், அதைத் தாண்டினால் ஆணையம் ஏற்க முடியாது என்று 2020 மார்ச்சில் ஹில்லி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவு கட்டிவிட்டது. அங்கே விருப்பம், மன்னிப்பு எதற்கும் இடமில்லை. ஒரு நாள் மிச்சம் வைத்து வந்து சேர்ந்தார் பெங்களூர் வக்கீல். நான் எதிர்பார்த்ததேதான் உள்ளே இருந்தது: மனுதாரரின் உயர்ந்த மதிப்பெண்ணே எங்கள் பயிற்சியின் தரத்துக்குச் சான்று, ஆகவே குறைபாடு எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் போனில் அவளிடம், "நான் அப்பவே சொன்னேன்" என்றேன். வக்கீல்களுக்கு இது ஒரு வியாதி. மறுநாள் அவள் தனியாகவே ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ஒரு கட்டை மேசையில் வைத்தாள். அவர்கள் கொடுத்த பயிற்சிக் குறிப்பு, ஸ்பைரல் போட்ட நகல்.

முதல் பக்கத்தில் தேர்வு விதிகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும், தெரியாததை விட்டுவிடு என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. அந்தக் கழித்தல் 2017-இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு தெரியாத கேள்விக்கும் எதையாவது குறித்துவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம். 2022-இல் பணம் வாங்கிக்கொண்டு, ஐந்து வருஷத்துக்கு முந்தைய நகலைக் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பி உட்கார்ந்திருந்தால் அவள் பத்துப் பதினைந்து கேள்வியை வெறுமனே விட்டுவிட்டு வந்திருப்பாள். அவள் நம்பவில்லை. இ.டி.எஸ். இலவசமாக வெளியிட்டிருக்கும் மாதிரித் தாளைப் பதிவிறக்கி, ஊத்தங்கரையில் ஜெராக்ஸ் போட்டு, அதை வைத்துப் படித்திருந்தாள்.

"இத ஏன்மா முதல்லயே குடுக்கல?"

"நீங்க கேக்கலியே சார்."

நிறுவனத்தின் விளம்பரத் துண்டையும் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். 'எட்டுப் பாடங்களுக்கும் பயிற்சி' என்று தலைப்பு. கணினி அறிவியலுக்கான தேர்வு 2013-இல் நின்றுபோனது. உயிர்வேதியியல் 2016 இறுதியோடு முடிந்தது. உயிரியலும் ஆங்கில இலக்கியமும் 2021-இல் போயின. இவள் பணம் கட்டியபோது உயிரோடு இருந்தவை நான்குதான்: கணிதம், இயற்பியல், வேதியியல், உளவியல். செத்துப்போன நான்கு தேர்வுகளுக்கும் சேர்த்துப் பயிற்சி விற்றிருக்கிறார்கள். வழக்கு எண் விழுவதற்குள் 2023 ஏப்ரலோடு வேதியியலும் முடிந்திருந்தது. நிரூபண வாக்குமூலத்தில் இதைப் பட்டியலாகப் போட்டேன். பெங்களூர் வக்கீல் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, வராந்தாவில் என்னைக் கூப்பிட்டுத் தமிழும் கன்னடமும் கலந்து, "பேசி முடிச்சிடலாமா சார்?" என்றார்.

ஆணையம் சமரசத்துக்கு அனுப்பியது. அந்த அறையில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. தொகையையும் சொல்லக் கூடாது என்று உடன்பாட்டிலேயே ஒரு வரி. நகை மீண்டது என்பதை மட்டும் சொல்கிறேன், அதை ஊரே பார்த்தது. பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் இந்தத் தொகை வழங்கப்படுகிறது என்று வழக்கமான வாசகம் இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அவள் அந்த இடத்தில் விரலை வைத்து அர்த்தம் கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போட்டாள். இழந்த பணத்துக்கு ஆணையத்தில் கணக்குண்டு, மன உளைச்சலுக்கும் ஒரு தொகை உண்டு. எழுதுவதா வேண்டாமா என்று அவளே தீர்மானித்திருக்க வேண்டியதை வேறொருவர் தீர்மானித்துவிட்டதற்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு கேட்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவள் பிறகு ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வை எழுதி, பெங்களூரிலேயே ஓர் ஆய்வு நிறுவனத்தில் பிஎச்.டி. சேர்ந்தாள். இந்த நாட்டு நிறுவனங்களில் 'விருப்பம் இருந்தால்' என்ற பேச்சே இல்லை. எழுது, வாங்கு, நேர்காணலுக்கு வா. மூன்று மணி நேரத்தில் ஊருக்கு வந்துவிடலாம் என்பதில் அம்மாவுக்குத் திருப்தி.

சான்றாவணம் 9-ஐ ஆணையத்திலிருந்து திரும்பப் பெற்று வைத்திருக்கிறேன். அந்த மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும், வந்து வாங்கிக்கொள் என்று இரண்டு முறை சொல்லியாயிற்று. போன தீபாவளிக்கு வந்தபோது அதை எடுத்துக்கொள்ளாமல், கைப்பேசியில் அந்த நிறுவனத்தின் புதிய விளம்பரத்தைக் காட்டினாள். 'கட்டாயம்' போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் 'மிகவும் பரிந்துரைக்கப்படுகிறது' என்று போட்டிருந்தார்கள். பாடங்கள் அதே எட்டு.

"இன்னொரு நோட்டீஸ் விடலாமா சார்?" என்றாள்.